பத்து இருபத்தொன்பது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு
இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை.
ரேஷன் கார்டில் பெயர் நீக்கம்,
ஈபி பெயர் மாற்றம், முதியோர் பென்சன்,
எந்தப் படிவமும் எனக்குத் தண்ணிபட்ட பாடு.
அறிவுக்கரசி கொண்டுவந்தது மட்டும்
அமெரிக்காவிலிருந்து.

முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டோம்.
குடும்பப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
"கோன்னு மட்டும் போட்டா போதாதாண்ணா?"
போதாதாம்.
புள்ளியை எடுத்துவிட்டு
அப்பாவை முழுசாக எழுதினோம்: கோதண்டம்.
துறைமுகத்தில் கன்டெய்னருக்குக் கம்பி கட்டுகிறவர்,
ஷிப்டில் இருந்தார்.
கேட்கவில்லை.

எழுபத்தைந்து டாலர் தள்ளுபடிக்கு
தலைமையாசிரியை கடிதம் தந்தார், முத்திரை மங்கல்.
மூன்று தரம் ஸ்கேன் செய்து, கறுப்பைக் கூட்டி,
'அரசினர் மகளிர்' தெரியும்வரை நான் விடவில்லை.

கட்டுரைக்கு அறுநூற்றைம்பது சொல்.
வெள்ளத்தை எழுதேன், என்றேன்,
இடுப்பளவு தண்ணியில பையைத் தலைமேல் தூக்கினு வந்தியே.
"எல்லாரும் அதைத்தாண்ணா எழுதுவாங்க."
அவள் எழுதியது கேட்டைப் பற்றி.
மூடியிருக்கையில் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணுவாளாம்,
பகா எண்ணில் முடிந்தால் அன்றைக்கு நல்ல நாளாம்.
ஒருநாள் ஐம்பத்தெட்டு. கணக்குப் பரீட்சைக்கு அரைமணி தாமதம்.
எழுநூற்றுப் பன்னிரண்டு சொல் வந்தது.
அறுபத்திரண்டை வெட்டினாள்.
எனக்கு இங்கிலீஷ் கொஞ்சந்தான்,
ஆனாலும் போனது எதுவென்று தெரிந்தது:
ஒரு ராத்திரி, ஒரு ஆட்டோ,
கேட் திறக்கும்வரை மடியில் அம்மா.
அந்தப் பெயரைக் கார்டிலிருந்து நீக்கியதும்
என் கடையில்தான்.

கடைசி நேரம் அவர்களுக்கு நள்ளிரவு,
நமக்கு மறுநாள் காலை பத்து இருபத்தொன்பது.
பத்து ஐந்துக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
போனில் அவள்: "அண்ணா, கேட்டு போட்டுட்டான்."
பட்டனை நானே அமுக்கியிருப்பேன்;
கையெழுத்து இடத்தில் பெயரை அவளேதான் அடிக்கணுமாம்.

பத்து இருபத்திரண்டுக்கு வந்தாள், மூச்சு வாங்க.
"முப்பத்தேழுண்ணா."
நல்லதா கெட்டதா என்று கேட்க நேரமில்லை.
அடித்தாள். போனது.
திரை அணைந்தது.

மாலை ஷிப்ட் முடிந்து கோதண்டம் வந்தார்,
கிரீஸ் கையுறையைப் பின்பாக்கெட்டில் செருகியபடி.
வந்திருந்த பதிலைக் காட்டினேன்.
கிடைத்தது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.
'அன்புள்ள கோதண்டம்' என்று ஆரம்பித்திருந்தது.
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"எனக்கா எழுதிக்கிறான்?"

ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேன்.
கலரில்.