பதினொரு மணி வெயில், வாலிநோக்கம்

உப்பளத்தில் இறங்கியதும்
என் கேமராவுக்குக் கண் போனது.

பாத்தி வெள்ளை, அம்பாரம் வெள்ளை,
வானமும் வெளுத்துப்போய்க் கிடக்கிறது.
பிடித்து நிற்க ஒரு கோடு கிடைக்காமல்
லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் முனகுகிறது,
கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவனைப் போல.

கொஞ்சம் நில்லுங்கக்கா என்றேன்.
உப்பு நிக்காது தம்பி என்று
வாருபலகையை இழுத்தபடியே போனாள்.

ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி
அவள் கண்மேல் வைத்தேன்.
பதிவானதில்
பலகைக் கம்பின் ஆணித்தலை வரைக்கும் துல்லியம்;
முகம் மட்டும் தண்ணீருக்குள்.
ஆட்டோ ஃபோகஸை அணைத்து
வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகி
மூக்குத்தியின் விளிம்பு வரை வந்தேன்.

அடுத்தது வெயில்.
சூரியனுக்கு எதிர்மூலையில் பச்சைப் பொட்டு,
கன்னத்தில் ஓர் அறுகோணம்,
படம் முழுக்க மோர் ஊற்றிய வெளுப்பு.
ஃபில்டரைக் கழற்றினேன், பொட்டு போனது.
கடற்காற்று அப்பிய உப்பை
ஊதித் துடைத்தேன், மோர் கொஞ்சம் தெளிந்தது.
அறுகோணம் அசையவில்லை.
மறைக்கும் மூடி ராமநாதபுரத்தில்
ஸ்டூடியோ மேசைமேல் இருக்கிறது.

வெயில மறைக்கணும், அவ்வளவுதானே
என்று கிட்டே வந்து
லென்ஸுக்கு மேலே கையை நீட்டினாள்.
வெடித்த உள்ளங்கையின் நிழலில்
திரை சட்டென்று தெளிந்தது.
தூரத்துப் பனை, அதில் ஒரு காக்கை,
கறுப்பெல்லாம் கறுப்பாகவே.
எடுக்க வேண்டியவள் மட்டும்
படத்துக்கு வெளியே.

பெயர் கேட்டேன். இருளாயி.

எடுத்ததைக் காட்டு என்றாள்.
பச்சைப் பொட்டு விழுந்த படத்தை
அழிக்கப் போன என் விரலைத் தடுத்தாள்.
இதுல என்ன கோளாறு,
பத்து மணிக்கு மேல
எனக்கு எல்லாரும் இப்படித்தானே தெரியுறாங்க.

அப்போதுதான் பார்த்தேன்:
இடது கண்ணின் வெள்ளையிலிருந்து
ஒரு சதைத் திரை
கருவிழிக்குள் கால் வைத்திருந்தது.
அத்தனை திருகியும்
நான் போய்ச் சேர்ந்தது மூக்குத்தி வரைக்கும்தான்.

துடைக்கும் துணியைத் தொட்டு விலை கேட்டாள்.
சொன்னேன்.
கண்ணாடித் துண்டுக்கா என்று சிரித்து,
முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டு
பாத்தியில் இறங்கினாள்.

காலண்டருக்குக் கேட்டது பன்னிரண்டு படம்.
அனுப்பிவிட்டேன்.
டிசைனர் நேற்று போன் செய்தார்:
டிசம்பர்ல மேல யாரோட கையோ விழுந்திருக்கு சார்,
ஃபோகஸும் இல்ல.
வெட்டிரவா?