கைமாற்று

இந்த நாட்டின் வானத்துக்கு ஏழு அறைகள்.
ஒன்றில் நான்.
வின்னிபெக்கில், ஜன்னல் வைக்க மறந்த கட்டடம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே எந்நேரமும் அதே அந்தி.

ஓடுபாதையிலிருந்து கோபுரம் கிளப்பிவிடும்,
கண்ணால் பார்த்து.
அடுத்தவர் மேகம் தாண்டி ஏற்றிவிடுவார்.
என்னிடம் வரும்போது அது
ஒரு பெயர், ஓர் உயரம், ஒரு வேகம்.
பதினோரு வருடமாக விமானங்களோடு வேலை,
வேலை நேரத்தில் ஒன்றையும் பார்த்ததில்லை.

மேற்கே என் துண்டு முடிகிற இடத்தில்
எட்மன்டன்காரர்களின் துண்டு.
அங்கே ஒரு கரகரத்த குரல்.
பேசி முடித்ததும் அவரவர் இரண்டெழுத்தைச் சொல்லவேண்டும்,
அதுதான் கையெழுத்து.
அவர் யூ.பி.
உத்தரப் பிரதேசம் என்று நானாகச் சிரித்துக்கொள்வேன்.

"முந்நூற்று அறுபதில் ஒருவர். குலுங்குகிறதாம்.
முந்நூற்று நாற்பதில் தரட்டுமா?"
"கொடு. யூ.பி."
"கே.வி."
அவ்வளவுதான், பதினோரு வருடம்.

எங்கள் பக்கம் கைமாற்று என்பார்கள்.
பத்திரமில்லை, வட்டியில்லை,
வேலிக்கு மேலே நீட்டினால்
அந்தப் பக்கம் ஒரு கை வாங்கிக்கொள்ளும்.
வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்கு
மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போன ஊர்தான் அதுவும்.
இங்கே நாங்கள் நீட்டுவது
இருநூற்றெழுபது பேரை.
வாய் பிளந்து தூங்குகிறவர்கள்,
தக்காளி ஜூஸ் கேட்கிறவர்கள்.
கை மாறியது ஒருவருக்கும் தெரியாது.

போன ஜூலையில் லீவு போட்டு
அந்த வரப்பைப் பார்க்கப் போனேன்.
பத்து மணி நேரம் கார்.
வரைபடத்தில் கோடு கிடக்கும் இடத்தில்
கண் கூசும் மஞ்சளாய்க் கனோலா,
ஒரு பெட்ரோல் பம்ப், சங்கிலி இல்லாத நாய்.
"இங்கேதானே முடிகிறது?" என்றேன்.
"எது?" என்றார் கடைக்காரர்.

அப்போது மேலே ஒன்று போயிற்று.
நூல் பிடித்த வெள்ளை,
எங்கேயும் ஒரு முடிச்சில்லை.
கையசைக்கலாமென்று பார்த்தேன்,
இரண்டு கையிலும் காபி.
இரண்டு எதற்கு வாங்கினேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.

திரும்பி வந்த முதல் இரவு
மேற்கிலிருந்து வேறு குரல். இளசு.
எம்.டி.யாம்.
யூ.பி. எங்கே என்று கேட்கவில்லை.
லைனில் எல்லாம் பதிவாகும்,
தவிர, ஒருவர் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தார்.
நீட்டினேன்.
வாங்கிக்கொண்டது அந்தப் பக்கம்.

"கே.வி." என்றேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.