கீல் பக்கம்

தோள்பட்டைக்கென்று மருத்துவமனையில் கொடுத்தது
ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை, ஒரு தாள்.
தாளில் ஒரு கோட்டு மனிதன் இழுத்துக்கொண்டிருக்கிறான்.
பட்டையின் மறுமுனை எதில் கட்டியிருக்கிறது என்று
யாரும் வரையவில்லை.
வெறும் புள்ளி.

ஒஸ்த்ராவாவில், ஏழாம் மாடியில்,
இரண்டு அறை வீட்டில்
நான் தேடியது அந்தப் புள்ளியை.

நாற்காலிக் கால் என்னோடு நடந்து வந்தது.
ரேடியேட்டரின் கழுத்தைப் பிடித்தேன், விட்டுவிட்டேன்.
ஜனவரியில் சுடுநீர்க் குழாயோடு விளையாட்டு எதற்கு.
இடைச்சுவரைத் தட்டினால் காலி பிஸ்கட் டப்பா;
கொக்கியின் திருகு
மாவு கொட்டிக்கொண்டு கையோடு வந்தது.
வெளிச்சுவரோ காங்கிரீட்.
துளைக்கருவி அலறி, முனை புகைந்து,
கிடைத்தது நகக்கண் அளவு பள்ளம்.
கீழ்வீட்டு ஷெபெஸ்தா
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார்.

இருபத்திரண்டு வருடம் டிராம் ஓட்டியிருக்கிறேன்.
மேல்கம்பி எதில் தொங்குகிறது என்று
நிமிர்ந்து பார்த்ததில்லை.
விடுப்பில், பயணியாக, இப்போது பார்க்கிறேன்:
தெருவோர வீட்டுச் சுவரில் ஓர் இரும்பு வளையம்,
அதைப் பிடித்திருக்கும் கம்பி.
உள்ளே யாரோ புரண்டு படுப்பார்கள்.

கடைசியில் கதவுதான்.
நூற்று நாற்பது கொருனாவுக்கு ஒரு நாடா,
நுனியில் நுரை உருண்டை.
உருண்டை அந்தப் பக்கம், நாடா இந்தப் பக்கம்,
நடுவில் கதவைச் சாத்த வேண்டும்.
பூட்டுப் பக்கம் வேண்டாம், கீல் பக்கம்.
இழுக்க இழுக்கச் சட்டத்தோடு இறுகும் கதவாக இருக்க வேண்டும்;
நம்மை நோக்கித் திறப்பது ஆகாது.

சமையலறைக் கதவில் கண்ணாடி.
குளியலறை என்னை நோக்கித் திறக்கும்.
மிஞ்சியது படுக்கையறை.
அதற்குள் போஹுமிலா,
தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் நின்றுவிட்டு
பகலில் உறங்குகிறாள்.

மூன்றாம் நாள், பத்தாவது இழுப்பில்,
தண்ணீர் குடிக்க எழுந்தவள் கதவைத் திறந்தாள்.
உருண்டை நழுவியது.
பட்டை வந்து கீழுதட்டில் விழுந்தது.
துண்டை என் வாயில் வைத்து அழுத்தியபடி
"ராத்திரி பார்த்த ரத்தம் போதாதா, ஓல்தா?" என்றாள்.
தையல் தேவையில்லை என்றாள்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கதவின் உட்புறம், அவள் கண் உயரத்தில்,
ஒரு சீட்டு ஒட்டினேன்:
திறக்காதே. இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்று முறை தட்டு, நிறுத்துகிறேன்.
மறுநாள் அதன் கீழே பென்சிலில் ஒரு சொல்:
எதை?

பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி
வெண்கீறல் தேடுகிறேன்.
தாழ் விழுந்த சத்தத்தை இரண்டு முறை கேட்கிறேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
உடம்பைப் பின்னால் சாய்க்கிறேன், கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்,
பழுது பார்த்த பாலத்தில்
முதல் வண்டியை ஏற்றுவது போல.
அதற்குப் பிறகே ஒன்று.

ஒவ்வொரு இழுப்புக்கும் கதவு சட்டத்தில்
டக் என்று ஒரு மயிரிழை ஆடும்.
பழகிப்போன சத்தம், எண்ணுவதற்கு உதவும்.
வியாழக்கிழமை அது இல்லை.
நான்கு, ஐந்து, ஆறு,
கதவு வாயே திறக்கவில்லை.
ஈரத்துக்கு மரம் உப்பிவிட்டதோ என்று நினைத்தேன்.
பன்னிரண்டில் தோள் நடுங்கியது.
பட்டையைத் தளர்த்தினேன்.

கதவின் அடியிலிருந்து,
தரையோடு உட்கார்ந்து சாய்ந்திருப்பவரின்
தோள் உயரத்திலிருந்து,
மூன்று தட்டு.

"தாளில் பதினைந்து போட்டிருக்கிறது"
என்றது கதவு.