ஒன்பதாம் வரி

மெய்க்திலா ஏரிக்கரையில் பனைமரங்கள் நின்றன.
"நம்ம சேத்துப்பட்டு மாதிரியே இருக்குடா,
கள்ளுதான் இல்லை" என்றான் மதலைமுத்து.
கள்ளும் இருந்தது.
அவனுக்கு அது தெரியாமலே போயிற்று.

ரோட்டோரக் குழியில்
முட்டிகளுக்கு நடுவே விமானக் குண்டை நிறுத்தியபடி
ஒரு ஜப்பான்காரன் உட்கார்ந்திருந்தான்.
டாங்கி தலைக்கு மேலே வந்ததும்
கையிலிருக்கும் கல்லால் குண்டின் மூக்கில் தட்ட வேண்டும்.
அவ்வளவுதான் அவன் வேலை.
டாங்கி வருமுன்னே இரவில் செத்திருந்தான்.
கல் மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை.

நூறு கஜம் தள்ளி, வரப்புக்குப் பின்னால் நான்.
காதில் டெலிபோன், மடியில் நோட்டு.
எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வான்.
எழுதி முடித்து "எழுதிட்டேன்" என்பேன்.
அதற்குப் பிறகுதான் அவன் கை நகரும்.
எதற்கு இந்த ஏற்பாடென்று
எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை.
அடுத்து வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்,
எந்த வரியில் நிற்பதென்று.

ஒன்று: கல்லை எடுக்கிறேன். விரல் விறைச்சுப் போச்சு, மெதுவா.
எழுதிட்டேன்.
இரண்டு: கல்லைக் குழிக்கு வெளியே வைக்கிறேன்.
எழுதிட்டேன்.
மூன்று: மூக்கைச் சுத்தி மண்ணு. துடைக்கிறேன்.
நான்குக்கு முன்னால் கேட்டான்:
இவன் பேரு என்னவா இருக்கும்?
அதை எழுதவில்லை.

ஐந்து, ஆறு. ஏழில் இருமல் வந்து கொஞ்சம் நிறுத்தினான்.
எட்டு: வளையம் இடப்பக்கம் கால் சுத்து. வருது.
ஒன்பது: இன்னொரு கால் சுத்து...
இரு. ஒரு எறும்பு.
அவன் மேலேர்ந்து என் கைக்கு ஏறுது.

எறும்பை எழுதலாமா?
எழுதினேன்.
"எ" போட்டேன்.
அடுத்தது பெரிய றவா, சின்ன ரவா?
மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு
அந்த வெயிலில், அந்த வரப்பில் வந்த சந்தேகம்.
பென்சில் நோட்டைத் தொடாமல் நின்றது.
பிறகு மண் பெய்தது.

நான் "எழுதிட்டேன்" சொல்லவில்லை.
நான் சொல்லாமல் கையை நகர்த்தியவனில்லை அவன்.
எறும்பு கடித்ததோ,
குண்டே பொறுமை இழந்ததோ,
அல்லது என் மௌனத்தை
என் குரலென்று எடுத்துக்கொண்டானோ.

நோட்டைக் கேப்டன் வாங்கிக்கொண்டார்.
அந்த ஒற்றை "எ"யைக் காட்டி என்னவென்று கேட்டார்.
சொன்னேன்.
சிவப்புப் பென்சிலால் அடித்தார்.
கோபமாக இல்லை.
நான்காம் நாள் அடுத்த குழி.
துளசிங்கம் எட்டு வரியோடு நின்றான்.
வளையத்தில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தான்.
உயிரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து
தீக்குச்சி தீக்குச்சியாக உடைத்தான்.
பீடியை நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

போர் முடிந்து எல்லாரும் கப்பல் ஏறினார்கள்.
நான் ஏறவில்லை.
தவுக்கியானில் தூண்கள் எழுப்பினார்கள்.
ஒரு மழைநாளில் பஸ் பிடித்துப் போனேன்.
கழுத்து வலிக்கத் தேடினேன்.
பெயர் இருக்கிறது, இங்கிலீஷில்,
ஓர் எழுத்து குறைவாக.

இங்கே வீட்டில்
இறுகிப்போன ஜாடி மூடிகளை என்னிடம்தான் தருவாள் மா தின் யீ.
இடப்பக்கம் கால் சுற்று, என்கிறேன்.
வாய் தானாகச் சொல்கிறது.
கை அங்கேயே நிற்கிறது.
மீன் வெட்டிக்கொண்டிருப்பவள்
திரும்பிப் பார்ப்பதில்லை.
அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான்.
அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து,
பர்மியக் குரலில் இழுத்து,
"எழுதித்தேன்" என்கிறாள்.
மூடியைத் திருப்புகிறேன்.