இறங்கும் இடம்

கைப்பேசியில் அவள் பறந்தாள்.
பனித்தரை, எந்த ஊரோ,
பேர் வாயில் நுழையாத ஒரு ஜோடி.
அவன் வீசினான், அவள் மேலே போனாள்,
போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.
சிக்னல் போய்
சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது
அவள் நெற்றியின் மேல்.

ஏறுவதை இப்படித்தான் கற்றோம், குணாளனும் நானும்.
இறங்குவதைக் காட்ட ஆளில்லை.

குன்னூரில் வெளித்தரை காய்வதற்குள்
அடுத்த மழை வந்துவிடும்.
எங்களுக்கு வாய்த்தது கல்யாண மண்டபம்.
அவன் அப்பா அங்கே பாத்திரம் கழுவுகிறவர்,
சாவி அவர் இடுப்பில்.
யாருக்கும் ஆகாத ஆடி எங்களுக்கு ஆகும்.
மார்கழி முழுக்க எங்களுடையது.
தை பிறந்தால் வழி அடைபடும்.

நாற்காலிகளை ஓரம் தள்ளுவோம்.
காலுக்கு நான்கு சக்கரம்.
காற்றில் நேற்றைய ரசம்.
சோற்று அண்டா தூக்கிப் பழகிய கை அவனுக்கு.
முதல் தரம் என் எதிரே நின்று முழித்தான்:
"அண்டாவுக்குக் காது இருக்கு லோஜினி,
உன்னை எங்க பிடிக்கறது?"
இடுப்பெலும்பு என்றேன்.
வெட்கப்பட நேரமில்லை,
ஏழு மணிக்கு அம்மாவோடு கொழுந்துக்குப் போகணும்.

எங்கள் லைனில் பேசிக்கொண்டார்கள்:
மண்டபம் இருக்கு, மாப்பிள்ளை இருக்கான்,
தாலி ஒண்ணுதான் பாக்கி.
அம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.
தராசில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள் அவளுக்கு.
நான் நாற்பத்துமூன்று.
குணாளன் எதையும் கழிக்காமல் தூக்கினான்.

சுழலும்போது வராத தலைச்சுற்றல்
பர்லியார் வளைவில் வந்துவிடும்.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான்
மாநிலப் போட்டிக்குப் போனேன்.
ஜோடிப் பிரிவில் மொத்தம் இரண்டு ஜோடி.
வெள்ளிப் பதக்கம்.
கடைசி இடம் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

விசாகப்பட்டினத்தில் ஏழு ஜோடி, ஐந்தாவது நாங்கள்.
என் உடை
தைத்த தாவணி, ஜிகினா நானே ஒட்டியது.
ஒரு நடுவர் கேட்டார், பயிற்சியாளர் யார் என்று.
குணாளன் என்னைப் பார்த்தான்,
நான் அவனைப் பார்த்தேன்,
படிவத்தில் அவன் அப்பா பேரை எழுதினோம்.

மூன்றாம் வருடம், மொகாலிக்குப் பதினொரு நாள் இருக்கையில்
சக்கரத்தில் ஏதோ சிக்கியது.
மஞ்சள் தடவிய ஒரே ஒரு அரிசி.
யாரையோ நூறாண்டு வாழச் சொல்லி
யாரோ வீசியது.
மணிக்கட்டு இரண்டாய்.
லாலி ஆஸ்பத்திரி பெஞ்சில்
குணாளன் அந்த அரிசியை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்,
மாத்திரை மாதிரி.

மாவுக்கட்டோடுதான் போனேன்.
அனுமதிக்கவில்லை.
பார்வையாளர் வரிசையில் இருந்து
எங்கள் பாட்டு எங்கே வருமோ அங்கே
ஆறு நிமிட மௌனம் விட்டார்கள்.
இல்லை, விடவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.
மௌனம் நான் போட்டது.

பிறகு சண்டை எதுவும் இல்லை.
அவன் கோயமுத்தூரில் சமையல் காண்டிராக்ட் எடுத்தான்.
நான் தேயிலை ஆபீசில் எடை எழுதுகிறேன்.
குளிரில் மணிக்கட்டு மழைக்கு முன்பே சொல்லிவிடும்.

போன வாரம் டவர் வந்தது எங்கள் பக்கம்.
தேடிப் பிடித்தேன் அந்த வீடியோவை.
வீசினான், போனாள்,
வட்டம் சுற்றவில்லை, தொடர்ந்து ஓடியது.
அவள் விழுந்தாள்.
பக்கவாட்டில், முழங்கை தேய,
பத்தடி வழுக்கிப் போய்
எழுந்து, பாட்டில் விட்ட இடத்தைத் தேடிக் கையை நீட்டினாள்.
அவன் முன்பே அங்கே நின்றிருந்தான்.

நான்கு தரம் பார்த்துவிட்டு
குணாளனுக்கு அனுப்பினேன்.
பந்தியில் இருந்திருப்பான், ராத்திரி பதினொன்றுக்குப் பதில்:
"தெரியும்."

எப்போதிலிருந்து என்று தட்டினேன்.
அனுப்பாமல் அழித்தேன்.