மாதிரிக் கையொப்பம்

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கின்றன.
நடுவில் நோட்டுக் கிடையாது.
முப்பத்தோரு வருஷம் கேஷ் கவுண்டரில் இருந்தவள்,
பழக்கதோஷம் என்றுதான் முதலில் சொன்னார்கள்.
நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரி நரம்பு டாக்டர்
பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார்.
மதுரை என்று ஐந்து முறை எழுதினேன்.
முதல் மதுரை பெரிசு.
ஐந்தாவது மதுரையில்
ஓர் எறும்புகூடக் குடியிருக்க முடியாது.
அதைப் பார்த்துவிட்டுத்தான் நோயின் பெயரைச் சொன்னார்.

மாத்திரை ஐந்து வேளை.
விழுங்கி நாற்பது நிமிஷத்தில் கால் என்னுடையதாகும்.
மூன்று மணி நேரம்.
பிறகு குத்தகை முடிந்தாற்போல் திரும்பிப் போய்விடும்.
போன வாரம் அடுப்படி வாசலில் அப்படியே நின்றேன்.
குக்கர் ஏழு விசில் விட்டது,
எட்டடி தள்ளி.
தரையில் ஒரு சாக்பீஸ் கோடு கிடந்தால் தாண்டியிருப்பேன்.
கோடில்லாத தரைதான் எனக்குச் சுவர்.

பிரபாகர் ஓசூரிலிருந்து வரும்போது
வழவழத் தாளில் ஒரு கையேடு கொண்டுவந்தான்.
பைபாஸ் ரோட்டில், கார் ஷோரூமுக்கு மேல்மாடி.
இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து
அதிலிருந்து குருத்தணு பிரித்து
முதுகுத்தண்டு வழியே ஏற்றுவார்களாம்.
மாத்திரையை நிறுத்த வேண்டாம்மா,
இது துணைக்குத்தான் என்றான்.
ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

குருத்து.
அந்தச் சொல்தான் என்னைச் சாய்த்தது.
சம்மட்டிபுரம் வீட்டின் பின்னால்
சாயங்காலம் வெட்டிப்போட்ட வாழையில்
விடிவதற்குள் வெட்டுவாயின் நடுவே
விரல் நீளம் ஏறி நிற்குமே, அது.
வாழைக்கு யாரும் தவணை கட்டுவதில்லை.

மேல்மாடியில் கோட் போட்ட பையனிடம் கேட்டேன்:
எத்தனை அணு உள்ளே போகும்?
கோடிக்கணக்கில் மேடம்.
எத்தனை போய்ச் சேரும், எத்தனை பிழைக்கும்,
சாயங்காலம் யார் உட்கார்ந்து டேலி பண்ணுவது?
சிரித்தான். காபி வரவழைத்தான்.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில்
பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று இருந்தது,
என் கையெழுத்தைவிடப் பொடியாக.

பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
'வெளிநாட்டில் ஆராய்ச்சியாக நடக்கிறதும்மா,
அது வேறு அணு, வேறு வழி.
நோயாளியிடம் காசு வாங்காமல்
ஒவ்வொருத்தரையும் எண்ணிப் பார்க்கிறார்கள்.
வரும். இன்னும் வரவில்லை.'
நல்ல மனுஷர்.
ஆனால் ராத்திரி ஒருக்களிக்க முடியாமல்
மின்விசிறியையே பார்த்துக் கிடக்கிறவளுக்கு
இன்னும் வரவில்லை என்பது
ஒரு பதிலா?

காளவாசல் கிளைக்குப் போனேன், வைப்புத்தொகையை உடைக்க.
என் பழைய கவுண்டரில் ரெஜினா.
படிவத்தைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
'கையெழுத்து ஒத்துப்போகல மேடம்.'
திரையில் நான், எண்பத்தொன்பதாம் வருஷத்து நான்:
வே. தமயந்தி,
கடைசி எழுத்தின் சுழி
கட்டத்தைத் தாண்டி வெளியே எகிறிக் கிடக்கிறது.
எத்தனை கிழவர்களை இதே வாக்கியம் சொல்லித்
திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
நியாயமான வாக்கியம்தான்.

கைநாட்டு வைக்கலாம் என்றாள், மெதுவாக.
மைப்பெட்டி அதே இழுப்பறையில்தான் இருந்தது.
என் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டும்
ரேகை இரட்டையாக விழுந்தது,
ஒருத்திக்குப் பதில் இரண்டு பேர் வந்து நிற்பதுபோல்.
'மேனேஜர் நாளைக்கு இருப்பார். வாங்க.'

மணி மூன்று ஐம்பத்தைந்து.
நாலு மணி மாத்திரைக்கு
தண்ணீர் பாட்டிலை அவளே திறந்து கொடுத்தாள்.
வாசலுக்கு முன்னால் கால் ஒட்டிக்கொண்டது.
குனிந்து பார்த்தேன்.
வரிசைக்காக ஒட்டிய மஞ்சள் டேப்,
நான் இருந்தபோது ஒட்டியது, பாதி உரிந்திருந்தது.
அதைத் தாண்டினேன்.
வெளியே ஷேர் ஆட்டோக்காரன்
பைபாஸ், பைபாஸ் என்று கூவிக்கொண்டிருந்தான்.