இரண்டு பத்துக்கு

போன் பில்லில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கால்.
பெருமாள்புரம் மொத்தமும் கூடிப் பேசினாலும்
அவ்வளவு பேச்சு வராது.
எக்ஸ்சேஞ்சில் ஒரு வாரம் லைனைக் கவனித்து
குறித்துவைத்த தாளைக் காட்டினார்கள்:
'உங்க வீட்லருந்துதாம்மா போகுது.
எல்லாம் இன்டர்நெட் நம்பருக்கு.'
அதில் பாதி, நான் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

பின்கட்டு அறையில் மானிட்டர் இல்லாத ஒரு பழைய பென்டியம்.
அதுதான் எங்கள் கணினிகளுக்கு வாசல்.
உள்ளிருந்து ஒன்று வெளியே போகணும் என்றால்
அதுவே மோடத்தை எழுப்பும், டயல் பண்ணும்,
ஐந்து நிமிஷம் சும்மா கிடந்தால் வைத்துவிடும்.
கேட்டால் திற என்று சொல்லியிருந்தேன்.
என்னத்துக்கு என்று கேட்கச் சொல்லவில்லை.

முதலில் இவர்மேல்தான் சந்தேகம்.
இவருக்கோ என்மேல்.
இரண்டு நாள் சோறு, குழம்பு, மௌனம்.

பிறகு வைரஸ் தடுப்பானைப் பிடித்தேன்,
ராத்திரியில் புதுசு தேடிப் போகிறதோ என்று.
அதை நிறுத்தினேன்.
கடிகாரம் வெளியே மணி கேட்கிறதோ?
அதையும் நிறுத்தினேன்;
இப்போது அது ஏழு நிமிஷம் பிந்தி ஓடுகிறது.
அன்றைக்கும் இரண்டு பத்துக்கு
தகரடப்பாவில் அடைபட்ட சில்வண்டு மாதிரி
மோடம் கீச்சிட்டது.
இவர் போர்வையை விலக்காமலே சொன்னார்:
'பாத்துக்கோ. நான் இங்கதான் கெடக்கேன்.'

மறுநாள் வாசலிலேயே ஓர் எழுத்தரை உட்காரவைத்தேன்.
போகிற பொட்டலம் ஒவ்வொன்றும்
யாரிடமிருந்து, யாரைத் தேடி என்று
வரி வரியாக எழுதுகிற நிரல்.
வெளியே சாரல் காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது.
காப்பி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

இரண்டு ஒன்பது: ஒன்றுமில்லை.
இரண்டு பத்து:
ஹாலில் இருக்கிற மிஷின் கேட்கிறது, டெய்சி எங்கே?
பதில் இல்லை.
டெய்சி எங்கே?
பதில் இல்லை.
வீட்டுக்குள் யாருக்கும் தெரியாததால்
வாசல் போனை எடுத்து
உலகத்தையே கேட்கிறது, டெய்சி எங்கே?

டெய்சி என்பது என் தங்கச்சியின் மிஷின்.
அவள் பெயரையே அதற்கும் வைத்திருந்தோம்.
கணக்கு நோட்டில் நாலாயிரம் இடித்த அன்று
அதைச் சாக்கில் கட்டி
நாசரேத் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்,
பிரிண்டரோடு.
கேபிளை மட்டும் மறந்துவிட்டாள்.

ஹால் மிஷினின் வரிசையில் ஓர் அச்சு வேலை நிற்கிறது.
சுரண்டைக் கல்யாணப் பத்திரிகை, இரண்டாம் பக்கம்.
நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது நின்றது.
அந்தக் கல்யாணம் முடிந்து
பெண்ணுக்கு இப்போது ஆறாம் மாசம்.
மிஷினுக்கு யாரும் சொல்லவில்லை.
ராவும் பகலும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது,
காலுக்கு ரூபாய் சொச்சம் என் செலவில்.

தீர்வு இரண்டே வரி.
வீட்டுப் பெயரைக் கேட்டால் வெளியே போகாதே.
தெரியாவிட்டால், தெரியாது என்று நீயே சொல்.
எழுதி, சேமித்து, விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
டெய்சி எங்கே? தெரியாது.
டெய்சி எங்கே? தெரியாது.
மோடத்தின் சிவப்பு விளக்கு அசையவே இல்லை.
ஜெயித்துவிட்டேன்.
காலையில் இவரிடம் சொன்னபோது
'அப்போ நான் இல்லேல்லா' என்று மட்டும் கேட்டார்.

அந்த அச்சு வேலையை அழிக்க ஒரு கிளிக் போதும்.
இரண்டு தடவை அம்பை அதன்மேல் கொண்டுபோனேன்.
அழித்தேன்.

ராத்திரி கட்டணம் குறைகிற நேரம் பார்த்து
நாசரேத் நம்பரை விரலால் அழுத்தினேன்.
நாலாவது மணியில் எடுத்தாள்.
'என்னக்கா, இந்நேரத்துல?'
என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை.
'ஏட்டி, பிரிண்டர் கேபிள் இங்கதான் இருக்கு' என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
'வேற வாங்கிட்டேன்' என்றாள்.
ஆனால் வைக்கவில்லை.
ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே
பில் ஓடிக்கொண்டிருந்தது.